மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மெதுவான வைஃபை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எம். புதுப்பட்டி. சிவகாசி பக்கம்னு சொன்னாத்தான் வெளியூர்க்காரங்களுக்குப் புரியும். ரெண்டு வாரம் வீட்டுல உக்காந்தே ஆணி புடுங்கிக்கலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, சந்தோஷமா கிளம்பிட்டேன். ரெண்டாவது நாள் ராத்திரி மடிக்கணினி "புது அப்டேட் வந்திருக்கு, போடட்டுமா?"ன்னு கேட்டுச்சு. தூக்கக் கலக்கத்துல சரின்னு தட்டிட்டுப் படுத்துட்டேன். விதி :-)

காலையில எழுந்து பார்த்தா இணையம் நத்தை மாதிரி ஊருது. ஒரு பக்கம் திறக்குறதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சு முடிச்சிடலாம். மீட்டிங்ல நான் பேசுறது அவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குது.

அப்பா எட்டிப் பார்த்துட்டு, "நம்ம ஊருக்கு இவ்வளவுதாம்ப்பா வரும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. லைன் பாக்குற அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ரவுட்டர் பழசு தம்பி, மாத்துனாத்தான் சரிப்படும்"னாரு. கூட வேலை பாக்குறவன், "நீ பேசாம பெங்களூருக்கே வந்துடு மச்சி"ன்னான்.

மூணு பேரும் சொன்னது மூணு தீர்ப்பு. ஆனா அடிப்படை ஒண்ணுதான்: கிராமம், தூரம், அதனால மெதுவு. ஆனா பாருங்க, அதே இடத்துல, அதே ரவுட்டர்ல, அம்மாவோட போன்ல வீடியோ சும்மா பறக்குது. அப்போ கோளாறு ஊர்ல இல்ல. என் பொட்டிக்குள்ள.

அதை எப்படிச் சரி பண்ணேன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பழைய கதை. எங்க வீட்டு மொட்டை மாடியிலேர்ந்து மேற்க பார்த்தா ஸ்ரீவில்லிபுத்தூர் மலை தெரியும். அந்த மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டம். இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு மெதுவான வைஃபை அங்க இருந்துச்சு. அங்கயும் தூரத்தைக் குறை சொல்லிட்டுப் போயிருந்தா பல ஆயிரம் பேரோட கண்ணுக்கு வைத்தியம் தள்ளிப் போயிருக்கும்.

திரியைப் பத்த வச்சிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?

முதல்ல வைஃபையோட தாத்தாவைப் பார்த்துடுவோம். 1971ல ஹவாய் பல்கலைக்கழகத்துல நார்மன் ஏப்ரம்சன்னு ஒரு பேராசிரியர் 'அலோஹாநெட்'னு ஒண்ணை இயக்கிக் காட்டினார். தீவு தீவா இருக்குற ஊரு. கம்பி இழுக்க முடியாது. ரேடியோவுலயே கணினிகளைப் பேச வைக்கணும். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. யார் எப்போ பேசுறதுன்னு கணக்கு இல்ல. அவர் சொன்ன வழி ரொம்ப எளிமை: தோணுறப்போ அனுப்பு. போய்ச் சேர்ந்தா அந்தப் பக்கத்துலேர்ந்து 'வந்துச்சு'ன்னு ஒரு பதில் வரும். வரலைன்னா ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசி மோதிக்கிட்டாங்கன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு மறுபடி அனுப்பு.

இந்த 'வந்துச்சு'ங்கிற பதில்தான் நம்ம கதையோட நாயகன். 1997ல 802.11ங்கிற வைஃபை தரம் வந்தப்போவும் (வேகம் வெறும் 2 மெகாபிட்), 1999ல 11 மெகாபிட்டோட 802.11பி வந்தப்போவும் இந்தப் பழக்கம் அப்படியே தொடர்ந்துச்சு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பதில். குறிப்பிட்ட நேரத்துக்குள்ள பதில் வரலைன்னா பொட்டலம் தொலைஞ்சு போச்சுன்னு முடிவு கட்டி மறுபடி அனுப்பணும்.

எங்க ஊர்க்காரனுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். வெடிக்குத் திரியைப் பத்த வச்சிட்டு விலகி நிக்கிறோம். எவ்வளவு நேரம் நிக்கணும்? திரி நீளமா இருக்கறப்போ, சீக்கிரமே 'இது நமத்துப் போச்சு'ன்னு முடிவு பண்ணி மறுபடி பத்த வைக்கக் கிட்டப் போனா என்ன ஆகும்னு சிவகாசிப் பக்கத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். திரியோட நீளத்துக்குத் தக்கபடிதான் காத்திருக்கணும். வைஃபையில திரியோட நீளம்னா ரெண்டு பக்கத்துக்கும் இடையில உள்ள தூரம்.

வைஃபை தரத்தை எழுதினவங்க மனசுல இருந்தது ஒரு ஆபீஸ், ஒரு வீடு. நூறு மீட்டர் தாண்டாது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடியில 300 மீட்டர் போகும். அதனால வீட்டுக்குள்ள பயண நேரம்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு வச்சுக்கலாம். வாங்கினவன் 10 மைக்ரோ வினாடி மூச்சு விட்டுட்டு பதில் சொல்லணும். அனுப்பினவன் அதுக்கு மேல ஒரு 20 மைக்ரோ வினாடி, இன்னும் கொஞ்சம் கூட்டி, பொறுத்துப் பார்ப்பான். இதுதான் 802.11பி கணக்கு.

மேலூர்லேர்ந்து தேனி

இப்போ தமிழ்நாட்டுக்கு வருவோம். நம்ம கிராமங்களுக்குக் கம்பி இல்லாம இணையம் கொண்டு வர்ற முயற்சி வைஃபையில ஆரம்பிக்கல. சென்னை ஐஐடியில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவோட குழு 'கார்டெக்ட்'னு ஒரு தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தது. கூரைக்கு மேல ஒரு சின்ன ஆன்டெனா, கோபுரத்துலேர்ந்து பத்து கிலோமீட்டர் வரைக்கும் போனும் இணையமும். 2001ல மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்கள்ல 'சாரி'ங்கிற திட்டத்துல இதை வச்சு இணைய மையங்கள் திறந்தாங்க. வேகம் 35 கிலோபிட், போன்ல பேசாதப்போ 70. இன்னைக்கு இதைக் கேட்டா சிரிப்பு வரும். அன்னைக்கு அந்த மையங்கள்லேர்ந்து நோயாளியோட கண்ணைப் படம் புடிச்சு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சல்ல அனுப்பினாங்க. டாக்டர் பார்த்துட்டுப் பதில் போடுவார்.

அரவிந்த் பத்தி இந்தப் பக்கத்துல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. 1976ல டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்சது. அவரே எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல பொறந்தவர், நம்ம கரிசக்காட்டுக்காரர்தான். அங்க இருந்த சிக்கல் இதுதான்: கண்ணு மங்குறவங்க பெரும்பாலும் வயசானவங்க. பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுட்டு, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு வரணும். நெறைய பேரு வர மாட்டாங்க. "வயசாச்சு, இனிமே பார்வை இவ்வளவுதான்"னு வீட்டுலயே உக்காந்துடுவாங்க. (இந்த 'இவ்வளவுதான்'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க.)

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழிதான் பார்வை மையம். சின்ன ஊர்ல ஒரு சின்ன அறை. பயிற்சி பெற்ற ஒரு ஊழியர் நோயாளியோட கண்ணைப் பரிசோதிப்பார். ஆஸ்பத்திரியில இருக்குற டாக்டர் வீடியோவுல நோயாளிகிட்டயே பேசிட்டு, கண்ணாடி போதுமா, ஆபரேஷன் வேணுமான்னு சொல்லுவார். யோசனை அருமை. ஆனா வீடியோவுக்கு 35 கிலோபிட் காணாது.

அப்பதான் அமெரிக்காவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியிலேர்ந்து எரிக் புரூவரோட குழு, இன்டெல் நிறுவனத்தோட சேர்ந்து உள்ள வந்துச்சு. அவங்க யோசனை: விலை உயர்ந்த கருவி எதுவும் வேணாம். கடையில கிடைக்கிற சாதாரண வைஃபை அட்டை, லினக்ஸ் ஓடுற ஒரு சின்னக் கணினிப் பலகை, ஒரே திசையை நோக்குற ஆன்டெனா, உயரமான ஒரு கம்பம். தேனி ஆஸ்பத்திரியிலேர்ந்து சுத்தி இருக்குற ஊர்களுக்கு நேர்க்கோட்டுல குறி வச்சு அனுப்பிடலாம். 2005ல இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் வேணாம்னு விட்டதும் இந்த மாதிரி வேலைகளுக்கு வழி சுலபமாச்சு. 2006 வாக்குல தேனி ஆஸ்பத்திரியோட அஞ்சு மையங்கள் வைஃபையில பேசிக்கிட்டு இருந்துச்சு. நான் அப்போ அரை டவுசர் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்திருப்பேன்.

சிக்னல் இருக்கு, வேகம் இல்ல

இங்கதான் நம்ம விஷயம் வருது. இப்படித் தூரத்துக்கு இழுத்த வைஃபையில, ஆன்டெனாவைச் சரியாத் திருப்பி வச்சா சிக்னல் நல்லா வரும். ஆனா டேட்டா போகாது. 11 மெகாபிட் அட்டைதான். கையில கிடைக்கிறதோ அதுல துளியூண்டு.

ஏன்? 15 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். அலை போறதுக்கு 50 மைக்ரோ வினாடி. பதில் திரும்பி வர 50. மொத்தம் 100. ஆனா அனுப்புற அட்டை அதுல பாதிகூடப் பொறுக்காது. பொட்டலம் பத்திரமாப் போய்ச் சேர்ந்து, பதிலும் கிளம்பி வந்துக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள இவன் 'தொலைஞ்சு போச்சு'ன்னு மறுபடி அனுப்புறான். நமத்துப் போச்சுன்னு நெனச்சு ரெண்டாந்தடவை பத்த வைக்கப் போன கதைதான். அந்த மறு அனுப்பலும் வந்துக்கிட்டிருக்குற பதிலும் மோதிக்கும்.

இதோட விட்டா பரவாயில்ல. பல தடவை பதில் வரலைன்னா அட்டைக்குள்ள இருக்குற மென்பொருள் 'சிக்னல் மோசம் போல'ன்னு நெனச்சு வேகத்தைக் குறைக்கும். 11லேர்ந்து 5.5, அப்புறம் 2, அப்புறம் 1. சிக்னல் நல்லாத்தான் இருக்கு. வேகத்தைக் குறைச்சாலும் பதில் அதே 100 மைக்ரோ வினாடி கழிச்சுத்தான் வரும். தப்பான காரணத்தைப் புடிச்சுக்கிட்டு தப்பான வைத்தியம் பண்ணுது. வெளியிலேர்ந்து பாக்குறவனுக்கு என்ன தெரியும்? "கிராமத்துல வைஃபை மெதுவா இருக்கு, தூரம் அதிகம்." அவ்வளவுதான் தெரியும்.

முதல் வைத்தியம் எளிமை. அட்டையோட ஓட்டுநர் மென்பொருள்ல (அதாங்க, டிரைவர்) காத்திருக்குற நேரம்னு ஒரு எண் இருக்கும். அதை ஏத்தி விடணும். ஒரே ஒரு எண்!

ஆனா அது மட்டும் போதலை. பேசுறதுக்கு முன்னாடி வேற யாராவது பேசுறாங்களான்னு காது குடுத்துக் கேக்குறது வைஃபையோட இன்னொரு பழக்கம். 15 கிலோமீட்டர்ல அது வேலைக்கே ஆகாது. அவன் பேச ஆரம்பிச்சது என் காதுக்கு வர்றதுக்குள்ள நானும் ஆரம்பிச்சிருப்பேன். கான்பூர் ஐஐடியில பாஸ்கரன் ராமன் குழு இதே சிக்கலை உத்தரப் பிரதேசக் கிராமங்கள்ல சந்திச்சு, 2005லயே ஒரு தீர்வை ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டது: காது குடுத்துக் கேக்குறதை விட்டுடு. முறை வச்சுப் பேசு. ஒரு கோபுரத்துல உள்ள எல்லா ஆன்டெனாவும் ஒண்ணா அனுப்பட்டும், அப்புறம் ஒண்ணா வாங்கட்டும். வாய்க்காத் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி.

பெர்க்லி குழு அதுக்கு மேல ஒரு படி போச்சு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பதில்ங்கிற பழக்கத்தையும் விட்டு, மொத்தமா ஒரு கட்டுக்கு ஒரு பதில்னு மாத்தினாங்க. வழியில ஒண்ணு ரெண்டு தொலைஞ்சாலும் மத்ததை வச்சு மீட்டுக்கிற மாதிரி கூடுதல் பொட்டலமும் சேர்த்தாங்க. 2007ல 'வைல்ட்நெட்'ங்கிற பேர்ல இது வெளிவந்துச்சு. சாதாரண வைஃபையில அதிகபட்சம் கிடைக்கிறதைவிட 2 முதல் 5 மடங்கு வேகம். இத்தனைக்கும் வன்பொருள் அதேதான். ஆன்டெனா அதே, அட்டை அதே, தூரம் அதே. மாறினது மென்பொருள் மட்டும். அதே 2007ல வெனிசுவேலாவுல ரெண்டு மலைக்கு நடுவுல 382 கிலோமீட்டர் தூரத்துக்கு இந்தக் குழுவோட மென்பொருளை வச்சு ஒவ்வொரு பக்கமும் 3 மெகாபிட் ஓட்டிக் காட்டினாங்க. சென்னையிலேர்ந்து திருச்சியைத் தாண்டுற தூரம்!

2008ல இந்தக் குழு எழுதின இன்னொரு கட்டுரை எனக்கு இதைவிடப் புடிச்சது. அரவிந்த் வைஃபை மூலமா மாசத்துக்கு 3000 நோயாளிகள் டாக்டரோட வீடியோவுல பேசினாங்கன்னு அதுல வருது. கூடவே இன்னொண்ணும்: மூணு வருஷ அனுபவத்துல பெரிய வில்லன் ரேடியோ இல்ல, மோசமான கரண்ட். ஏறி இறங்குற வோல்டேஜ் கருவியைக் கெடுக்கும். அதுக்கு அடுத்த சிக்கல், எது கெட்டுப் போச்சுன்னு உள்ளூர்ல கண்டுபிடிக்கிற ஆள். அதனால உள்ளூர் ஊழியர்களுக்குச் சொல்லிக் குடுக்குறதும், அவங்களே பார்த்துக்கிற மாதிரி கருவியை வடிவமைக்கிறதும் ரேடியோ ஆராய்ச்சி அளவுக்கே முக்கியமா இருந்துச்சு.

அப்டேட் ஏன் ரேடியோவைக் கெடுக்குது?

சரி, இதுக்கும் என் பொட்டிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

2003ல இன்டெல் 'சென்ட்ரினோ'ன்னு வைஃபையையும் சேர்த்தே மடிக்கணினியை விளம்பரப்படுத்த ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து, வைஃபை அட்டையோட பல முடிவுகள் மென்பொருள் கையில போயிடுச்சு. எந்த வேகத்துல பேசுறது, எப்போ தூங்குறது, எத்தனை பொட்டலத்தைக் கட்டி அனுப்புறது எல்லாம் ஒரு எண், ஒரு வரி. தேனி மாதிரி இடத்துல வேகத்தை ஏத்த முடிஞ்சதுக்கு இதுதான் காரணம். ஒரு அப்டேட்ல வேகம் போறதுக்கும் இதேதான் காரணம்.

உதாரணம் வேணுமா? 2014ல லினக்ஸ்ல பழைய இன்டெல் அட்டைகள் சிலதுக்கு, பொட்டலங்களைக் கட்டாக் கட்டி அனுப்புற வசதியை டிரைவர் எழுதினவங்களே நிறுத்தி வச்சாங்க. இணைப்பு அறுந்து போகாம இருக்கணும்னு நல்ல எண்ணத்துலதான். ஆனா பலருக்கு வேகம் குறைஞ்சுச்சு. ஒரு எண்ணை 8ன்னு போட்டா பழைய வசதி திரும்ப வரும். அதே 2014 அக்டோபர்ல ஆப்பிளோட 'யோசமிட்டி' வந்து நெறைய மேக்கின்டாஷ்காரங்க வைஃபை போச்சேன்னு புலம்பினாங்க. பேர் தேடுற ஒரு பகுதியைப் புதுசா எழுதிப் போட்டிருந்தாங்க. 2015 ஜூன்ல வந்த 10.10.4 அப்டேட்ல அதைத் தூக்கிட்டுப் பழையதையே திரும்ப வச்சாங்க. அவங்க வீட்டு ரவுட்டரை மாத்தினவங்க எத்தனை பேரோ, பாவம்.

கடைசியில என் பொட்டி

இதையெல்லாம் முன்னாடி படிச்சிருந்ததால எனக்கு எங்க தேடணும்னு தெரிஞ்சுச்சு. நான் பண்ணின வரிசை இது:

முதல்ல, இணையத்தை விட்டுட்டு ரவுட்டரை மட்டும் பிங் பண்ணிப் பார்த்தேன். பத்தடி தூரத்துல இருக்குற பொட்டி. 2, 3 மில்லி வினாடியில பதில் வரணும். வந்தது 90, 110, 4, 97ன்னு தாறுமாறா. இங்கயே லைன்காரரும் டவரும் ஊரும் விடுதலை. கோளாறு எனக்கும் ரவுட்டருக்கும் நடுவுல.

ரெண்டாவது, பழைய கெர்னல்ல கிளப்பினேன் (லினக்ஸ் முந்தினதை வச்சிருக்கும், நல்ல பழக்கம்). அதுலயும் அப்படியே. அப்போ டிரைவர் இல்ல, ஏதோ அமைப்பு மாறியிருக்கு.

மூணாவது, அந்த எண்களை உத்துப் பார்த்தேன். ஏன் நூறை ஒட்டியே நிக்குது? ரவுட்டர் சுமார் 100 மில்லி வினாடிக்கு ஒரு தடவை 'நான் இருக்கேன்'னு குரல் குடுக்கும். மின்சாரத்தை மிச்சம் புடிக்கிற அட்டை நடுவுல தூங்கிட்டு, அந்தக் குரலுக்கு எழுந்து 'எனக்கு ஏதாவது வந்துச்சா'ன்னு கேக்கும். பதில் வாசல்ல வந்து நிக்குது, இவன் தூக்கத்துல. நெட்வொர்க் மேனேஜர் அமைப்புல பார்த்தேன். வைஃபை மின்சேமிப்பு 3ன்னு இருந்துச்சு. 3னா தூங்கு, 2னா முழிச்சிரு. நான் எப்பவோ 2ன்னு மாத்தி வச்சிருந்ததை அப்டேட் பழையபடி 3 ஆக்கிடுச்சு. 2 போட்டு மறுபடி இணைச்சேன். பிங் 2, 3, 2, 2. முடிஞ்சது.

பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். வீட்டுல பிளக் இருக்கு, பிரச்சினை இல்ல.

உங்களுக்கு இதே எண்தான் காரணமா இருக்கும்னு சொல்ல மாட்டேன். வரிசை மட்டும் இதேதான்: அதே இடத்துல இன்னொரு கருவி, அப்புறம் ரவுட்டருக்கு பிங், அப்புறம் பழைய கெர்னல், அப்புறம் மின்சேமிப்பு. இத்தனைக்கும் அப்புறம் காசு செலவு பண்றதைப் பத்தி யோசிங்க.

அப்பாகிட்ட போய், "சரியாயிடுச்சுப்பா, ஊர் மேல தப்பு இல்ல"ன்னேன். "அப்போ யார் மேல?"ன்னாரு. "ஒரு எண்ணு மேலப்பா. 3 இருந்த இடத்துல 2 போட்டேன்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாரு. "இதுக்கா அண்ணாச்சி ரவுட்டரை மாத்தச் சொன்னாரு?"

அண்ணாச்சியைக் குறை சொல்லல. அவருக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான். ஆனா 'நம்ம ஊருக்கு இவ்வளவுதான்'னு சொல்ற பழக்கம் இருக்கு பாருங்க, அதுதான் எனக்குக் கவலை. நல்ல சிக்னலை மோசம்னு நெனச்சு தானே வேகத்தைக் குறைச்சுக்கிற அந்த அட்டைக்கும் நமக்கும் அதுல பெரிய வித்தியாசம் இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் அந்த வார்த்தையை ஏத்துக்காம எண்ணைத் தேடினாங்க. மாசம் 3000 பேர் டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசினாங்க.

டிஸ்கி: அடுத்த வாரம் அண்ணாச்சி வீட்டுப் பக்கம் வந்தப்போ பிங் பண்றது எப்படின்னு காட்டினேன். நோட்டுல எழுதிக்கிட்டாரு. அவர் மகன் மடிக்கணினியும் அப்டேட்டுக்கு அப்புறம் மெதுவா இருக்காம் :-)